ஒரே ஒரு கல்

முதலாளிக்கு அலுவலகத்தில் 'தரிசனம்' என்று பெயர். வாய் திறந்தால் "என் விஷன்" என்பார். அதைத் தமிழில் பெயர்த்து வைத்த புண்ணியவான் கணக்கர். அங்கே படம் வரையும் பெண்ணுக்கும் அவரே ஒரு பெயர் வைத்திருந்தார்: கொத்தனாரம்மா.

காரணப் பெயர்தான். அந்த அலுவலகம் தயாரிக்கும் கணினி விளையாட்டுகளில் வரும் சுவர், தரை, பாறை எல்லாம் அவள் கைவேலை. கணினித் திரையில் சதுரமாகக் களிமண்ணைப் பரப்பி, பேனாவால் கல் கல்லாகச் செதுக்குவாள். அந்த ஒரே சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனால் கோட்டை முழுக்கச் சுவர். ஒட்டுப்போட்ட இடம் தெரியக் கூடாது, அதுதான் வித்தை. "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல கல்லு உடைக்கிறா" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வதில் பெருமை எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது.

புதிய விளையாட்டு, சம்மட்டியால் கோட்டையை இடித்து உள்ளே போவது. அதற்கான சுவரை முடித்திருந்தாள். ஒரு கல்லும் துருத்திக்கொண்டு நிற்காத சுவர். தரிசனம் வந்து பார்த்தார். மோவாயைத் தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆத்மா இல்லையே. ஒரே ஒரு கல்லுல என் முகத்தைச் செதுக்கிடுங்க. அடக்கமா, ஒரு ஓரத்துல."

"சார், இதுல ஒரு கல்லுன்னு ஒண்ணு கிடையாது. ஒண்ணு வெச்சா அதுவே வரிசைகட்டி நிக்கும். சுவரே கெட்டுடும்."

"எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு! உங்களால முடியலைன்னா வெளிய ஆள் இருக்கு. ஃபைலை அனுப்பிடுங்க."

தன் சுவரை யாரோ ஒருத்தர் கையில் தூக்கிக் கொடுப்பதா? அவளுக்குச் சுருக்கென்றது. "வேணாம் சார். நானே வைக்கிறேன். எல்லாரையும் கூப்பிட்டே காட்டுறேன்" என்றாள். நாலு பேர் முன்னால் மானம் போனால் மனிதர் அடங்குவார் என்பது அவள் கணக்கு.

முகத்தைச் சதுரத்தின் விளிம்பில் வைத்தாள். வலப்பக்கம் வெளியே போன மீசை இடப்பக்கமாக உள்ளே வந்தது. மூக்கில் அவள் கஞ்சத்தனம் காட்டவில்லை.

கூட்ட அறையின் பெரிய திரையில் கோட்டை எழும்பியது. வாசலிலிருந்து கோபுரம் வரை மூக்கு, மூக்கு, மூக்கு.

"கண்கொள்ளாத் தரிசனம்!" என்றார் கணக்கர், இருமலுக்குள்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைத்தாம்மா சொன்னேன்! என்ன ஒரு அடக்கம்!"

ஓங்கிய கை தன் கன்னத்திலேயே விழுந்தாற்போல் நின்றாள் அவள்.

"போச்சு. அடுத்து தரையிலயும் கேப்பாரு" என்று கணக்கர் கிசுகிசுத்தார்.

"கேக்கட்டுமே" என்றாள். விளையாட்டுக் கருவியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "அண்ணே, இடிங்க."

கணக்கர் முதலாளியைப் பார்த்தார். பிறகு மூக்கைப் பார்த்தார். மூக்கு ஜெயித்தது. சம்மட்டி விழுந்ததும் மீசை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம் பறந்தன.

"அண்ணே, அடுத்து நான்!" என்று வரவேற்பறைப் பெண் ஓடி வந்தாள். "லீவு கேட்டேன்ல? கேட்டேன்ல?" என்று கேட்டுக்கேட்டு இடித்தாள். வரிசை கதவு தாண்டி நீண்டது.

"மெதுவா... மூக்கைப் பாத்து..." என்றார் முதலாளி. "போதும், நிறுத்தச் சொல்லுங்க!"

"மாட்டேன் சார். இடிக்கிற சுவர், இடிச்சுத்தானே பாக்கணும்? வெளிய விளையாடப்போறவங்க இவ்வளவு மரியாதையா இடிக்க மாட்டாங்க."

அவர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துடுங்களேன்."

"எந்தக் கல்லை சார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

அவர் திரையைப் பார்த்தார். எங்கே என்று காட்டுவார்? "எல்லாத்தையும்."

"அப்போ என் பழைய சுவர். அதுல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. சத்தமா சொல்லுங்க சார்."

சொன்னார். அவள் பேனாவை எடுத்தாள்.

"அக்கா, அக்கா, கொஞ்சம் பொறுங்க!" என்று வரிசையின் வாலிலிருந்து குரல் வந்தது. "எங்க முறை இன்னும் வரலை!"