மாமியாருக்குக் கால் போனது

எங்கள் அலுவலகத்தில் இரும்பிலும் மாமியார் மருமகள் உண்டு, ஆள்களிலும் உண்டு. ஆள்கள் என்பது நாங்கள் இருவர்.

நான் மருமகள். என் கணவரின் அம்மா தொடங்கிய அலுவலகம் இது. இரும்புக் கட்டடத்துக்கு எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தருவார். எந்த உத்தரத்தில் எங்கே துளை, எந்தத் தகட்டை எதோடு பற்றவைப்பது என்று துண்டு துண்டாக வரைந்து பட்டறைக்கு அனுப்புவது எங்கள் வேலை. வீட்டில் அவர் எனக்கு அத்தை, நான் அவருக்கு 'வாடி, போடி'. அலுவலக வாசலைத் தாண்டினால் அவர் மேடம், நான் 'நீங்க'. அது அவர் போட்ட சட்டம். எனக்கு அது பிடித்ததே இல்லை.

உத்தரத்தைத் தாங்கும் தாங்கிகள் ஜோடியாக வரும், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. பார்க்க ஒரே அச்சு. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரவே உட்காராது. அதனாலேயே பட்டறையில் ஒன்றுக்கு மாமியார் என்றும் மற்றதற்கு மருமகள் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் வரைபடத்தில் 'மா', 'ம' என்றே குறித்து வந்தோம்.

போன மழைக்காலத்தில் பட்டறை பிரிண்டர் துணைக்காலை விழுங்கிவிட்டது. 'மா' எல்லாம் 'ம' ஆகி, செய்த தாங்கி அத்தனையும் மருமகளாகவே லாரியில் போய் இறங்கின. கிரேனும் ஆள்களும் சும்மா நின்றார்கள்.

"உங்க மாமியாருக்குக் கால் போச்சும்மா" என்று பட்டறை முதலாளி போனில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "அடுத்து பஸ் டிப்போ கூரை இருக்கு. இந்தப் பழைய படமெல்லாம் வேணாம். கட்டடத்த அப்படியே கம்ப்யூட்டர்ல நிறுத்திக் காட்டற சாஃப்ட்வேர் வாங்குங்க. முதல்ல அதோட மாடிப்படி மட்டும் பண்ணுங்க. அது ஒழுங்கா உக்காந்தா கூரையும் உங்களுக்குத்தான். இல்லன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

எங்கள் கையில் வேறு வேலை இல்லை. கூரை போனால் அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.  மேடம் அன்று முழுக்க ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு சாஃப்ட்வேர்கள் தேறின. விற்க வந்தவர்கள் சொன்ன பெயர்கள் வாயில் நுழையவில்லை. நான் ஒன்றுக்கு ஊமை என்றும் மற்றதற்கு மினுக்கி என்றும் பெயர் வைத்தேன். ஊமை சாம்பல் நிறத்தில் அடக்கமாக இருந்தது. மினுக்கியில் கட்டடம் சுழன்றது, நிழல் விழுந்தது, படியேறிக்கூடப் போகலாம். மேடம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மின்னறதெல்லாம் பொன்னில்ல மேடம். ஊமை 'மா'வ அழகா எழுதுது. மினுக்கியில 'ம' பக்கத்துல காலுக்குப் பதிலா ஒரு கட்டம்தான் வருது. பட்ட காலிலேயே படணுமா?"

"எழுத்த மட்டும் பாக்கறீங்க. வேலையப் பாருங்க" என்றார்.

விற்பவர்கள் கொண்டுவந்த மாதிரிக் கட்டடம் வேண்டாம், அது மாப்பிள்ளை பார்க்க வரும்போது கட்டிய புடவை மாதிரி என்று ஒதுக்கிவிட்டு, எங்கள் மாடிப்படியையே இரண்டிலும் ஏற்றச் சொன்னார். எனக்குத் தோன்றாத யோசனை அது. ஊமை படியை நிறுத்திவிட்டு மௌனமாக இருந்தது. மினுக்கி திருப்பத்தில் ஒரு போல்ட்டைச் சிவப்பாக்கியது. கைப்பிடிக் கம்பி குறுக்கே நிற்பதால் அங்கே ஸ்பேனர் நுழையாது. நாங்கள் இருவரும் அந்தப் படியைக் காகிதத்தில் வரைந்து பலமுறை சரிபார்த்திருந்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊமையின் விலைப்பட்டியலை நானே மடித்து ஓரமாக வைத்தேன். எனக்கு அது சுலபமான காரியமில்லை.

ஆனால் கால் பிரச்சினை அப்படியே இருந்தது. "இடது, வலதுன்னு போட்டுடலாமே" என்றார் மினுக்கியை விற்க வந்தவர். பட்டறையைக் கேட்டோம். "எந்தப் பக்கம் நின்னு பாத்தா இடதுன்னு தினம் சண்டை வரும். மாமியார் மருமகள்னா எங்க ஆளுங்களுக்குத் தூக்கத்துலயும் தெரியும்" என்றார் முதலாளி. மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவரை அவ்வளவு சோர்வாக நான் பார்த்ததில்லை. கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

அப்போதுதான் தோன்றியது. நான் அவரை என்றைக்காவது மாமியார் என்று கூப்பிட்டிருக்கிறேனா?

"மேடம், மாமியார்னு எதுக்கு எழுதணும்? அத்தைன்னு வெச்சுக்கலாம். 'அ'. அதுல கால் கிடையாது. விழறதுக்கு ஒண்ணுமே இல்ல."

விற்பவர் தட்டிப் பார்த்தார். திரையில் 'அ' முழுசாக நின்றது. பக்கத்தில் 'ம'. பட்டறை பிரிண்டரிலும் எடுக்கச் சொன்னோம், அப்படியே வந்தது.

மேடம் கண்ணைத் திறந்தார். "அப்ப பட்டறைல எல்லாரும் என்னை அத்தைம்பாங்களா?"

"தாங்கியத்தான் சொல்வாங்க மேடம்."

மினுக்கியையே வாங்கினோம். சிவப்பு போல்ட்டை இடம் மாற்றினோம். தாங்கிகளை ஆளுக்கொரு முறை சுழற்றிப் பார்த்து, அத்தைக்கு 'அ', மருமகளுக்கு 'ம' என்று குறித்து அனுப்பினோம்.

கட்டடத்தில் படியை நிறுத்தும் நாளன்று போனை மேசை நடுவில் வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வேலை செய்வதாக இருவரும் நடித்தோம். மத்தியானம் மணி அடித்தது. மேடம் எடுக்கவில்லை. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மருமக போனதும் உக்காந்துட்டா" என்றார் பட்டறை முதலாளி. பின்னால் சுத்தியல் சத்தம். "அத்தைதான் கொஞ்சம் பிகு பண்ணாங்க."

நான் போன் பக்கம் குனிந்தேன். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, துளையில இருந்த பெயின்ட்ட சுரண்டினோம். ஜம்முனு உக்காந்துட்டாங்க. போல்ட் எல்லாம் கையாலயே உள்ள போச்சு. கூரைய எப்ப ஆரம்பிக்கறீங்க?"

போனை வைத்தேன். "அத்தை, கிடைச்சிடுச்சு அத்தை" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. மேடம் என்று திருத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். கொஞ்சம் அதிக நேரமே துடைத்தார்.

"என்னடி பாத்துட்டு நிக்கற?" என்றார். "கம்ப்யூட்டர்ல கூரையத் திற."