கிரேனின் கையில் ஒரு கோடு

ரோஹிணி அந்தக் கோட்டை முதலில் பார்த்தது விஸ்வகர்மா பூஜைக்கு முந்தைய நாள் மாலை, அலுவலகக் கணினியில், தான் எடுத்துவந்த ஒரு படத்தில். கொல்கத்தாவின் கிடர்பூரில் ஒரு தனியார் யார்டில் நிற்கும் பெரிய கிரேனைச் சோதித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கிரேனின் நீண்ட கை, இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்துச் செய்த ஏணி மாதிரி இருக்கும். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே, இரண்டு குழாய்கள் சேரும் ஓரிடத்தில், மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. படத்தைப் பெரிதாக்கினால் கோடு கட்டம் கட்டமாகச் சிதறியது. சிறிதாக்கினால் காணாமல் போனது.

விரிசலா, துரு வழிந்த தடமா, வெறும் அழுக்கா? அவளால் சொல்ல முடியவில்லை.

கிரேன்களையும் கொதிகலன்களையும் பார்த்துச் சான்று தருவது அவள் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறாள். வழக்கமாகக் கிரேனின் கையைத் தரையில் படுக்கவைத்து, ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்ப்பாள். இந்த முறை யார்டு மேலாளர் வருண், கையை இறக்க இடமில்லை என்று கைவிரித்துவிட்டார். இறக்க வேண்டிய இடத்தில் பூஜைப் பந்தல் போட்டிருந்தார்கள். ஏறக்கூடிய மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கீழேயிருந்து அலுவலகக் கேமராவில் படமெடுத்துக்கொண்டு வந்தாள். கிளம்பும்போது வருண் எப்படி இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். பார்த்தவரை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அந்த வாக்கியம்தான் இப்போது அவளைக் குடைந்தது. பூஜைக்கு மறுநாள், பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு அந்தக் கிரேன் அறுபது டன் கொதிகலன் ஒன்றைத் தூக்கப்போகிறது. கீழே கயிறு பிடித்து நிற்க எட்டுப் பேர் இருப்பார்கள்.

மறுநாள் காலை கரியாஹாட் வீட்டில் இட்லியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, அவள் கணவன் ஜெய்ராம், நேராக வருணுக்கு ஃபோன் பண்ணி நிறுத்தச் சொல்லிவிடேன் என்றான்.

"என்னன்னு சொல்றது? ஒரு கோடு தெரியறது, என்னன்னு தெரியலேன்னா? ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித்தான் சொன்னேன். கடைசியிலே அது துருக்கறை. அந்தக் கம்பெனி அப்புறம் எங்களைக் கூப்பிடவே இல்லை."

"அப்போ என்ன பண்ணப் போறே?"

"சரியா ஒரு ஃபோட்டோ எடுக்கணும்."

டிரோன் பறக்கவிடத் துறைமுகப் பகுதியில் அனுமதி வாங்கவே ஒரு வாரம் ஆகும். கயிறு கட்டி ஏறுகிறவர்கள் பூஜை நாளில் வரமாட்டார்கள். அலுவலகக் கேமரா நல்ல கேமராதான். ஆனால் அதோடு பெட்டியில் வந்த சின்ன ஜூம் லென்ஸைத் தவிர வேறெதையும் யாரும் அதில் மாட்டியதில்லை. ஐம்பது மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், அந்த லென்ஸில் ஒரு முழு லாரி நீளத்துக்கு இரும்பு விழும். அதற்குள் மயிரிழையைத் தேட வேண்டும்.

பத்து மணிக்கெல்லாம் தர்மதலாவில், கேமராக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்தில் இருந்தாள். லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் சந்தீப்பின் கடை பாதி ஷட்டர் திறந்திருந்தது. கடைக்குள் ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் பழைய கேமராக்களுக்கும் பொட்டு வைத்து, பூ சாத்தியிருந்தார்கள். சந்தீப் நாற்பது வயதுக்காரர். டாலிகஞ்ச் சினிமா ஸ்டூடியோக்களில் உதவி ஒளிப்பதிவாளராக இருந்துவிட்டு வந்தவர். பூஜை முடியாமல் எதையும் வெளியே கொடுப்பதில்லை என்றார். ரோஹிணி நின்றுகொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன எடுக்கப் போகிறீர்கள் தீதி, பறவையா என்று வங்காளத்தில் கேட்டார்.

கிரேன் என்றாள். எவ்வளவு தூரம், எவ்வளவு சின்னக் கோடு என்று விவரமாகச் சொன்னாள்.

அவர் மேஜைமேல் மூன்று லென்ஸ்களை வைத்தார். முதலாவது 18-300. அகலமான காட்சியிலிருந்து தொலைவு வரை எல்லாம் ஒரே லென்ஸில். ரோஹிணிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. தூக்க எளிது, மாற்றத் தேவையில்லை, யார்டின் புழுதியில் கேமராவைத் திறக்கவே வேண்டாம். இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். முதலில் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி, சந்தீப் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய், சந்து முடியும் இடத்தில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சியிலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். தொட்டியில் தயாரிப்பாளர் பெயரும் அதன் கீழே பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரியும் இருந்தன.

முந்நூறுக்குத் திருகி எடுத்தாள். திரையில் பெரிதாக்கினால் பெயர் தெரிந்தது. பொடி எழுத்து பஞ்சாகிக் கிடந்தது. நீட்ட நீட்ட இந்த லென்ஸ் களைத்துப்போகும், கல்யாணத்துக்குச் சரி, உங்கள் வேலைக்குச் சரிப்படாது என்றார் சந்தீப்.

இரண்டாவது 150-600. கையில் வாங்கியதும் மணிக்கட்டு இறங்கியது. அறுநூறில் தொட்டியைத் தேடினாள், கிடைக்கவில்லை. வானம் வந்தது, ஒரு காக்கை வந்தது, யாருடைய துணிக்கொடியோ வந்தது. கடைசியில் தொட்டி வந்தபோது அது கண்ணாடிக்குள் குதித்துக்கொண்டிருந்தது. எடுத்த ஐந்து படங்களில் நான்கு கலங்கியிருந்தன. ஐந்தாவதில் பொடி எழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. அதைப் பார்த்தபின் அவளுக்கு லென்ஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

கேமராவை நிறுத்தும் முக்காலி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்த இரண்டும் பூஜைப் படப்பிடிப்புக்குப் போய்விட்டன. வெளியே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்தால் இந்த லென்ஸுக்கு ஷட்டரை மெதுவாக்க வேண்டியிருக்கும், கையில் பிடித்து மெதுவாக எடுத்தால் எல்லாம் கலங்கும் என்றார் சந்தீப். மூன்றாவது 100-400. பாதி எடை. கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் வசதி உள்ளது. எடுத்த ஐந்தில் நான்கு தெளிவாக வந்தன. பொடி எழுத்தைப் படிக்க முடிந்தது, ஆனால் அந்த ஐந்தாவது படத்தின் கூர்மை இல்லை.

அவள் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கினாள். மணி பதினொன்றே கால். பெரியதை எடுத்துப் போய் எல்லாம் கலங்கிவிட்டால் இன்னொரு வாய்ப்பு இல்லை. சின்னதை எடுத்துப் போய்க் கோடு மறுபடியும் புரியாமல் போனாலும் இன்னொரு வாய்ப்பு இல்லை. நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள் என்று சந்தீப்பைக் கேட்டாள். எத்தனை இடங்களைப் படமெடுக்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஓரிடம் என்றால் பெரியதை எடுத்து ஐம்பது தடவை முயற்சி செய்யலாம். நிறைய இடங்கள் என்றால் கை ஓயாத லென்ஸ்தான் நல்லது.

ஓரிடம்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். கிரேனின் கையில் அவள் தொட்டுப் பார்க்காத இணைப்புகள் நாற்பத்துநான்கு என்பது அப்போதுதான் உறைத்தது. 100-400 ஐக் கேட்டு வாங்கினாள். சந்தீப் அதைப் பிள்ளையார் படத்தின் முன் ஒரு நிமிடம் வைத்து எடுத்துக் கொடுத்தார்.

யார்டில் ஒலிபெருக்கி அலறியது. யானைமேல் அமர்ந்த விஸ்வகர்மா பந்தலுக்குள் இருந்தார். கிரேனின் வண்டிப் பகுதி முழுக்கச் சாமந்தி மாலை. சுற்றுவட்டாரக் கூரைகளிலெல்லாம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்காவது ஒன்று அறுந்தால் 'போ காட்டா' என்ற கூச்சல் அலையாக வந்தது. கிரேனை ஓட்டும் செல்வராஜ் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். யார்டில் அவளோடு தமிழ் பேசும் ஒரே ஆள்.

"இன்னிக்கி லீவுதானே மேடம்?"

கோட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாஞ்சா நூலா இருக்கும் மேடம். ஒரு வாரமா எத்தனை பட்டம் மாட்டியிருக்கு, பாருங்க."

நானூறுக்குத் திருகி, மூச்சைப் பிடித்து எடுத்தாள். திரையில் இணைப்பு பெரிதாக வந்தது. பற்றவைத்த இடத்தின் மேடு பள்ளம்கூடத் தெரிந்தது. கறுப்புக் கோடு இருந்தது. இரண்டு விநாடி கழித்து எடுத்த அடுத்த படத்தில், அது வேறு பக்கமாக வளைந்திருந்தது. நூல்தான்.

ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். வருண் வந்து பார்த்தார். இதற்காகவா தீதி நல்ல நாளில் வீட்டைவிட்டு வந்தீர்கள் என்று சிரித்தார். யாரோ இலைத் தொன்னையில் அரிசியும் பருப்பும் குழைத்த சூடான கிச்சுரி கொண்டுவந்து கொடுத்தார்கள். நேற்றிலிருந்து சாப்பிடாத பசி இப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டாள். கை கழுவினாள். லென்ஸைக் கழற்றிப் பையில் வைக்கவும் செய்தாள்.

பிறகு மறுபடியும் எடுத்து மாட்டினாள். செல்வராஜ் என்ன என்று கேட்டார். வந்ததுதான் வந்தேன், மீதியையும் எடுத்துவிடுகிறேன் என்றாள். கீழிருந்து எண்ணிக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வோர் இணைப்புக்கும் மூன்று படம். எடுத்ததும் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்தாள். கிரேன் கையின் இடப்பக்கம் முடித்தபோது மணி மூன்றரை. வலப்பக்கத்தில் முப்பத்தொன்றாவது இணைப்பின் படத்தைப் பெரிதாக்கிய கட்டைவிரல் நின்றது.

மஞ்சள் பெயின்ட்டில் குழாயைச் சுற்றி அரைவட்டமாக, மெலிதாக, செம்பழுப்பில் ஒரு கீறல். அதன் கீழே துருநீர் கசிந்த தடம். பெயின்ட் மட்டும் வெடித்திருந்தாலும் அப்படித் தெரியலாம். இரும்பே வெடித்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். மூன்று படத்திலும் அது ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருந்தது. காற்றில் அசையவில்லை.

அவளுக்கு உடனே தோன்றியது, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதுதான். மதியம் வெறும் நூலைக் கண்டு பயந்தவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் வெறுப்பு வந்தது. கோடவுன் மாடிக்கு இரும்புப் படியேறிப் போய் வேறு கோணத்திலிருந்து எடுத்தாள். வெளிச்சம் மங்கியதில் படங்கள் புள்ளி புள்ளியாக வந்தன. கீறல் அங்கிருந்தும் தெரிந்தது.

வருணிடம் காட்டினாள். பெயின்ட் தீதி, வெயிலில் வெடிக்கும் என்றார். குரலில் மதியம் இருந்த சிரிப்பு இல்லை. கொதிகலனோடு டிரெய்லர் இரவே கிளம்பிவிடும், மேலிடத்துக்குத் தான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். செல்வராஜ் கேமராவை வாங்கி, திரையைக் கண்ணருகே பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

அவள் தள்ளிப் போய்த் தன் முதலாளி லக்ஷ்மிநாராயணனுக்கு ஃபோன் செய்தாள். எழுபது வயதுக்காரர், நிறுவனத்தைத் தொடங்கியவர். முழுவதையும் கேட்டுக்கொண்டார். நூல் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

"விரிசல்தான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது சார்."

"விரிசல் இல்லேன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்போ அதைத்தானேம்மா எழுதணும். எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடறேன்."

ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி நின்று, ஃபோனிலேயே நான்கு வரி தட்டினாள். கையை இறக்கி முப்பத்தொன்றாவது இணைப்பைச் சோதிக்கும்வரை கிரேன் பளு தூக்கத் தகுதியானது என்று சான்றளிக்க இயலாது. படங்களை இணைத்து அனுப்பினாள். வருண் தன் ஃபோனில் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்க்காமலே போனார். செல்வராஜ் மட்டும் கேட் வரை கூட வந்தார்.

"அவங்க வேற யாரையாவது வெச்சு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு ஓட்டச் சொன்னா, நான் ஏறமாட்டேன் மேடம். சொல்லிட்டேன்."

அன்றிரவு ரோஹிணி தூங்கவில்லை. விரிசலாக இருக்க வேண்டும் என்று ஒரு கணமும், இருக்கக் கூடாது என்று மறுகணமும் வேண்டிக்கொண்டு கிடந்தாள்.

பதினெட்டாம் தேதி கொதிகலனைத் தூக்கும் வேலையை நிறுத்திவைத்து, பந்தலின் பாதியைப் பிரித்துக் கிரேனின் கையை இறக்கினார்கள். பிற்பகலானது. அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினாள். சுற்றி நின்ற பத்துப் பேரும் நெருங்கி வந்தார்கள். விரிசல் இருந்தால்தான் சாயம் உள்ளே தங்கிப் பொடியில் வெளியே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் வெள்ளையில் சிவப்பு ஊறி மேலே வந்தது. குழாயின் சுற்றளவில் ஏறக்குறைய பாதி. செல்வராஜ் குனிந்து அதன்மேல் விரலை ஓட்டினார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டார். வருண் நன்றி சொல்லவில்லை. மாற்றுக் கிரேனுக்கு ஃபோன் செய்யத் தொடங்கினார்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சந்தீப்பின் கடைக்கு மறுநாள் போனாள். கோடு கிடைத்ததா என்று அவர் கேட்டார். கிடைத்தது, ஆனால் நான் தேடிப்போன கோடு இல்லை என்றாள். இதே லென்ஸை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். துர்கா பூஜைக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்துவிட்டால் போதும் என்றார்.

அலுவலகத்துக்கு வந்து அந்த வருடத்துக் கோப்புகளை எடுத்தாள். கையை இறக்காமல், கீழே நின்று, சின்ன லென்ஸில் எடுத்த படங்களை நம்பி அவள் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்த கிரேன்கள் இன்னும் ஐந்து இருந்தன. இரண்டு ஹௌராவில், ஒன்று பட்ஜ் பட்ஜில், இரண்டு ஹல்தியாவில். எல்லாமே அன்றைக்கும் பளு தூக்கிக்கொண்டிருந்தன. ஹௌராவின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. யாரோ எடுத்து ஹலோ என்றதும், தன் பெயரைச் சொல்லி, உங்கள் கிரேனை நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், நாளைக்கே வரலாமா என்று கேட்டாள்.