பேட்டரிகளின் தனிக்குடித்தனம்

முள் பத்தில் கிடக்கிறது, பன்னிரண்டரையில் நிமிர்ந்து நிற்க வேண்டிய முள், வோல்ட் மீட்டர் கண்ணாடிக்குள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, சாவியை இன்னொரு தரம் திருப்புகிறேன், டொக் என்கிறது வண்டி, அதற்கு மேல் பேச அதற்கு ஒன்றுமில்லை, வெளியே வேதாரண்யத்து உப்பளங்கள் விடிந்துகொண்டிருக்கின்றன, மூன்று நாளாக மூடிக்கிடந்த மேகம் விலகிப் பாத்திகளில் இளஞ்சிவப்பு இறங்குகிறது, பின்னால் கட்டிலில் பொற்கொடி எழுந்து உட்காருகிற சத்தம், என்னங்க, வண்டியா இருமுச்சு, இல்ல, நான்தான் இருமினேன், நீங்க இருமுனா டொக்குன்னா கேக்கும், வயசாயிட்டுல்லா, உள்ள எல்லாம் கழண்டு கெடக்கு. அவள் சிரிக்கவில்லை. இருபத்தொன்பது வருஷம் டிரங்கால் போட்டுக் கொடுத்த காது அது, சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடும், வண்டி நின்னுபோச்சு, அதானே, என்றாள், நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது, குளிர்பெட்டி குடித்திருந்தாலும் அதற்கென்று வைத்த வீட்டு பேட்டரி செட்டைத்தான் குடித்திருக்க வேண்டும், எஞ்சின் செட்டை யாரும் தொட முடியாது, அதற்குத்தானே இரண்டையும் தனிக்குடித்தனம் வைத்தேன், பின்னே எங்கே போயிற்று மின்சாரம், எந்த வழியாகப் போயிற்று.

பாளையங்கோட்டையில் பொற்கொடி கேட்டு நான் செய்துகொடுத்த சத்தியம் இது, வண்டி இன்னொரு தரம் வழியில் நின்றால் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிருவேன், அவர் பாத்து வச்சிருக்கிற ஆளுக்கே வண்டியக் குடுத்துரணும், அந்த ஆளுக்கு அதுல பிரியாணிக் கடை வைக்க ஆசையாம், சரியா, சரி, என் தலையில அடிச்சு சொல்லுங்க, அவள் தலையில் அடித்தால் வலிக்குமே என்று என் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அண்ணன் என்றால் ஆவுடையப்பன், என் மச்சான், நல்ல மனுஷர், தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தங்கைக்குப் போன் பண்ணுவார், மருந்து போட்டியாம்மா, சாப்பிட்டியாம்மா, வண்டி நிக்கலையேம்மா என்று மூன்றே கேள்வி. போன வருஷம் உவரியில் வண்டி நின்றபோது காரெடுத்து வந்து கூட்டிப்போனவரும் அவர்தான், அப்போது வண்டிக்கு ஒரே பேட்டரி, அவளுடைய இன்சுலினுக்காக வைத்த சின்னக் குளிர்பெட்டி ராத்திரியெல்லாம் அதை உறிஞ்சிவிட்டது, காலையில் டிராக்டர் கட்டி இழுத்தார்கள், இழுத்த வேகத்தில் கடற்கரையே எங்கள் பின்னால் கொஞ்ச தூரம் வந்துவிட்டது, ஊர்க்காரர்கள் திரும்பத் தள்ளிக்கொண்டுபோய் வைத்தார்கள் என்று நான் மச்சானிடம் சொன்னேன், அவர் பொற்கொடியைப் பார்த்தார், பொற்கொடி தரையைப் பார்த்தாள், மாப்ள, ஒங்க வாயில ஒரு நாளாவது நெசம் வந்து நான் கேக்கணும் என்றார்.

நிஜம் என்ன, நிஜம் அந்த பேட்டரி ரூமில் இருந்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பின்கட்டில், கண்ணாடித் தொட்டிகளில் அமிலம் நிற்க, வரிசை வரிசையாக ஏ செட், பி செட், ஒன்று உழைக்கும்போது மற்றது உறங்கும், ஊரில் யார் போனை எடுத்தாலும் அந்தப் பேச்சு ஓடுவதற்கான உயிர் அங்கிருந்துதான் போகும், முப்பத்தெட்டு வருஷம் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன், அமில வாடையில் என் மீசையின் வலதுபாதி ஒரு நாள் ராஜினாமா செய்துவிட்டுப் போனது, இடதுபாதியை வைத்து இரண்டு மாதம் ஒப்பேற்றினேன், சம்பந்தி வீட்டார் பேசிக்கொள்கிற நாட்களில் தொட்டித் தண்ணீர் நாலு விரல் கீழே போகும், நான் வாளியோடு ஓடுவேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், மதுரை, கரெக்‌ஷன், மானாமதுரை, ஹலோ வேதாரண்யம், ஹலோ காரைக்கால், லைன்ல இருங்க, அந்தக் குரல் ஒரு நாள் பின்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, யாருங்க இங்க தண்ணி ஊத்துறது, என் லைன்ல களகளன்னு கேக்குது என்றது, தண்ணியில்லம்மா, அது என் மனசு என்றேன், அன்றைக்கும் அவள் சிரிக்கவில்லை, எட்டு மாதம் கழித்துக் கல்யாணத்தன்றைக்குத்தான் சிரித்தாள், அதுவும் ஐயர் தும்மியதற்கு.

அவளுக்குத் தெரியாத ஊரில்லை, பார்த்த ஊரும் இல்லை. வேதாரண்யத்தில் ஓர் ஆபரேட்டர் இருந்தார், தொண்டை கட்டியவர், உப்பைத் தின்ன மாதிரியே பேசுவாரு, காரைக்காலில் ஒரு பெண், எதற்கும் சிரிப்பாள், சாவுச் செய்தியைக்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வாள், பரங்கிப்பேட்டைக்காரருக்குத் திக்குவாய், ஆனா நம்பர் சொல்லையில மட்டும் திக்காது என்பாள் பொற்கொடி, அந்த ஊரெல்லாம் எப்பிடி இருக்கும்ங்க, அந்தக் குரல் மாதிரியேதான் இருக்குமா, ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள், அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான், நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. அதற்காகத்தான் ஏலத்தில் அந்த வண்டியை எடுத்தேன், ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் நெஞ்சுக்கூட்டைப் படம் பிடித்த எக்ஸ்ரே வண்டி, சுவரெல்லாம் ஈயத்தகடு, உள்ளே செல்போன் சிக்னல் வராது, கொசு வராது, முதல் வாரம் அதில் படுத்தவர்களுக்குக் கனவில் சொந்தக்காரர்களின் எலும்பு மட்டும் வந்தது, கட்டில் போட்டேன், அடுப்பு வைத்தேன், குளிர்பெட்டியில் அவள் மருந்து, கூரைமேல் இரண்டு சூரியத் தகடு, உவரிக்குப் பிறகுதான் இரண்டு செட்டும்.

செட்டுகளைப் பிரித்த அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் கை ஊறுகிறது, ஆட்டோ எலக்ட்ரீஷியன் எட்வின் பட்டறையில் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டுப் படிக்குக் கீழே இரும்புப் பெட்டி செய்து, எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கென்று பழைய பேட்டரி மூன்றைப் பின்னிக் கட்டிய ஒரு செட், நடுவில் ஒரு ரிலே, எஞ்சின் ஓடும்போது அது இரண்டையும் சேர்த்துச் சார்ஜ் ஏற்றும், எஞ்சின் நின்றதும் டிக் என்று கையை விட்டுவிடும், அதன்பின் குளிர்பெட்டி, விளக்கு, மின்விசிறி, அவள் வெந்நீர்க் கெட்டில் எல்லாம் வீட்டுச் செட்டோடு சரி. இடம் காணாததால் இரண்டு செட்டின் பாசிட்டிவ் தலைகளும் பெட்டிக்குள் எதிரெதிராக, மூன்று விரல் இடைவெளியில், அண்ணாச்சி, தலைக்கு ரப்பர் தொப்பி போடுங்க என்றான் எட்வின், வெயிலுக்கா மழைக்கா என்று கேட்டேன், ஒங்கள்ட்ட போயி சொன்னேன் பாருங்க என்று வேறு வண்டிக்குப் போய்விட்டான். பொற்கொடி வந்து குனிந்து பார்த்தாள், ஒரே வண்டிக்குள்ள எதுக்குங்க ரெண்டு, இதுக அண்ணன் தம்பி, நேத்துவரைக்கும் ஒரே சட்டியில சாப்பிட்டுச்சுக, பெரியவன் சோத்தையும் சின்னவன் தின்னுட்டான், அதான் பிரிச்சு விட்டுட்டேன், ராத்திரி காது வச்சுக் கேட்டா பெரியவன் அழுகிறது கேக்கும் என்றேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னேன், அவளும் ஒன்றும் காட்டாமல் கேட்டாள், வண்டிக்கு உயிர் எதுல இருக்கு, ரெண்டுலயும்தான், ஒன்னுல வண்டிக்கு, ஒன்னுல உனக்கு.

வேதாரண்யத்தில் மூன்று நாள் மழைமூட்டம், சூரியத் தகடு சும்மா கிடந்தது, நான் கவலைப்படவில்லை, வீட்டு செட் இறங்கினால் இறங்கட்டும், இன்னொரு கெட்டில் போடு என்றேன், எஞ்சினுக்குத் தனிச் சோறு இருக்கு, நேற்றிரவு கனவில்கூட அவள் எக்ஸ்சேஞ்சு பலகை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துளையிலும் வயரைச் செருகுகிறாள், செருகச் செருக ஒவ்வோர் ஊராக விளக்கு எரிகிறது, காரைக்கால் துளையில் செருகும்போது எல்லாம் அணைந்து நான் விழித்துக்கொள்கிறேன், விழித்துத்தான் சாவியைத் திருப்பினேன், இப்போது படியில் மண்டியிட்டு இரும்புப் பெட்டியின் மூடியைத் திறக்கிறேன், உள்ளே குங்குமம், சந்தனம், வாடிய கதம்பம், ஆயுத பூஜைக்கு அவள் வைத்தது, சரி, அதற்குக் கீழே மஞ்சள் கயிறு, கயிறு கட்டி இறுக்கிய ஒரு செம்புத் தகடு, உள்ளங்கை அகலம், கட்டம் போட்டு எழுத்து பொறித்தது, ஒரு ஓரம் எஞ்சின் செட்டின் தலையில், மறு ஓரம் வீட்டு செட்டின் தலையில், கச்சிதமாக, எட்வினே பட்டறையில் செய்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது, தொட்டால் இளஞ்சூடு. நான் பிரித்து வைத்த குடும்பத்தை யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள், ரிலே கையை விட்ட பிறகும் தகடு கையை விடவில்லை, மூன்று நாளும் ஒரே சட்டி, இரண்டும் சேர்ந்தே காலியாகியிருக்கின்றன. ஆகா என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன், முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படியொரு பழுதைப் பார்த்ததில்லை.

என்ன ஆகா, என்றாள், படிக்கு மேலே நின்று, கையில் போன். பொற்கொடி, இந்தத் தகடு. அது அண்ணன் குடுத்தது, வண்டி வழியில நிக்கக்கூடாதுன்னு சொல்லி எழுதி வாங்கியாந்தாரு, உயிர் ரெண்டுலயும் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க, அந்தப் பெரியவன் அழுகான்னும் சொன்னீங்க, அதான் ரெண்டு தலைக்கும் சேத்து வச்சேன் என்றாள், வண்டி நின்னதுக்கு இதுதாம்மா காரணம், என்றேன், சொன்ன உடனேயே என் குரல் எனக்கே கதைபோலக் கேட்டது, வழக்கமாகப் புளுகும்போது என் முகம் எப்படி இருக்குமோ அப்படியேதான் இப்போதும் இருந்தது, வேறு முகம் எனக்கு இல்லை, அவள் அந்த முகத்தைப் பார்த்தே சொன்னாள், ஆகக்கூடி பழி எங்க அண்ணன் மேல, உவரியில கடற்கரையே வண்டி பின்னால வந்துச்சு, இப்ப சாமித் தகடு கரண்டக் குடிச்சிருச்சு, போதும்ங்க, இத்தன வருஷம் கேட்டுட்டேன், பன்னண்டு மணிக்கு அண்ணன் கூப்பிடுவாரு, சொல்லிருதேன். என் வாழ்நாளில் ஒரு நிஜத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்க ஆளில்லாமல் நின்றேன்.

கயிற்றை அறுத்துத் தகட்டைத் தனியே எடுத்தேன், சூரியத் தகட்டின் வயரை வீட்டு செட்டிலிருந்து பிடுங்கி எஞ்சின் செட்டுக்கு மட்டும் கொடுத்தேன், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண், என்னாங்கய்யா வண்டி கெளம்பலியா என்று கேட்டு, குளிர்பெட்டி நின்னுபோச்சு, மருந்து கெட்டுரும் என்றதும் தன் குடிதண்ணீர்ப் பானையையே தூக்கிக் கொடுத்தாள், ஈரத்துணி சுற்றி இன்சுலினை அதற்குள் இறக்கி வைத்தேன், பொற்கொடி உப்பு வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை, பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேதாரண்யத்துக்காரரின் தொண்டை கட்டியதற்குக் காரணத்தைத் தேடுகிறவள்போல ஒரு கல்லுப்பை எடுத்து நாக்கில் வைத்தாள், எட்டு மணி, ஒன்பது மணி, பத்து, மீட்டர் முள் பத்தரைக்கு வந்தது, பதினொன்றைத் தாண்டியது, பன்னிரண்டுக்கு வந்து யோசித்தது, பதினொன்றே முக்கால் மணிக்கு நான் அவளைக் கூப்பிட்டேன், நீயே வந்து பாரு, என் பேச்சக் கேக்க வேண்டாம்.

அவள் வந்தாள். எஞ்சின் செட்டில் மீட்டர் வயரை வைத்துக் காட்டினேன், பன்னிரண்டே முக்கால், வீட்டு செட்டில், பத்தரை, இப்ப ரெண்டும் வேற வேற, சரியா, தோசைக்கல் பிடிக்கிற மரப்பிடி இடுக்கியில் தகட்டைக் கவ்வி அவள் கையில் கொடுத்தேன், அன்னைக்கு வச்ச மாதிரியே வை. அவள் குனிந்தாள், ஆபரேட்டர் கை, நடுங்காத கை, ஓர் ஓரத்தை ஒரு தலையில் வைத்து மறு ஓரத்தை இறக்கினாள், பட்டென்று நீலமாய் ஒரு பொறி வெடித்து மூக்குவரைக்கும் வந்தது, எம்மாடி என்று இடுக்கியோடு பின்னால் உட்கார்ந்துவிட்டாள், செம்பின் ஓரத்தில் மிளகளவு கரிப்புள்ளி, அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், ஏங்க, அப்ப நெசமாவா, நெசம்தான், இத்தன நாளும் இது ஒன்னுதான் நெசமா, இது ஒன்னுதான், ரப்பர் தொப்பி போடாதது என் தப்பு, அந்த அழுகிற கதையும் என் தப்பு. அவள் அந்தக் கரிப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தகட்டை முந்தானையில் துடைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள், பாவம், அண்ணன் நல்லதுக்குத்தான் குடுத்தாரு, என்றாள்.

நான் சாவியைத் திருப்புகிறேன், எஞ்சின் உறுமி, ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்துகொள்கிறது, வரப்பில் நிற்கிறவளின் கையில் போன் மணி அடிக்கிறது, பன்னிரண்டு, ஒரு நிமிஷம்கூடப் பிசகாத மச்சான், அவர் குரல் இங்கே வரைக்கும் கேட்கிறது, மருந்து போட்டியாம்மா, போட்டேண்ணே, சாப்பிட்டியாம்மா, இனிமேத்தாண்ணே, வண்டி நிக்கலையேம்மா, அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், எப்படியும் நின்றதைச் சொல்லிவிடுவாள், வண்டியை அணைத்துவிடலாமா என்றுகூட நினைக்கிறேன், பொய் சொல்லி அறியாதவள், நம்பரில் ஒரு எண் தப்பினாலும் கரெக்‌ஷன் என்று திருத்திக்கொண்ட வாய், எங்கண்ணே நிக்கிது, என்கிறாள் சாவதானமாக, நீங்க குடுத்த தகட்ட வச்சதுலேர்ந்து நிறுத்தவே முடியல, காலையில எங்கள ஏத்தாமயே கெளம்பிருச்சு, நானும் இவரும் ஓடிப்போயி ஏறுனோம், இப்ப காரைக்கால் தாண்டியாச்சு, நடுவுல கடல் ரோட்டுமேல ஏறிப் படுத்திருந்துச்சு, இவரு ஹாரன் அடிச்சாரு, எந்திரிச்சு வழிவிட்டுச்சு, வக்கிறேண்ணே, சத்தமாருக்கு. அவள் பானையை உப்பு வாருகிற பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருந்தை ஈரத்துணியோடு மடியில் வைத்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், முகத்தில் ஒன்றுமில்லை, காரைக்காலுக்கு எவ்ளோ நேரமாகும்ங்க, நான்தான் தாண்டிட்டோம்னு சொல்லிட்டேனே, கொஞ்சம் வேகமாப் போங்க, அந்தச் சிரிக்கிற பொம்பள ஊரப் பாக்கணும், ரிலே டிக் என்று கையைக் கோத்தது, நான் மீட்டரைப் பார்க்கிறேன், முள் எழுந்து பதினாலைத் தொட்டு, மறுமுனையில் யாரோ ரிசீவரை எடுத்துவிட்டதைப்போல, லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கிறது.