இருபது மில்லி பால்

பகலவன் அந்தப் பாலைக் கீழே ஊற்றியது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவனுக்கும் சுடர்விழிக்கும் பிறந்த பிள்ளை. அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிப்போனதால் ஏழாம் மாதத்திலேயே மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடை ஒரு கிலோ நூறு கிராம். பிள்ளையை உடனே ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்; தாயை அசைக்கக் கூடாதென்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நெல் அறுப்பு மெஷின் ஓட்டுகிற பகலவன் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அலைந்தான்.

மூன்றாம் நாள் சுடர்விழிக்குப் பால் வந்தது. தையல் வலியோடு சாய்ந்து உட்கார்ந்து, காலைப்பொழுது முழுக்கப் பிழிந்து எடுத்தது இருபது மில்லி. சின்னப் புட்டியில் மூடி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்தாள்.

"அவன் குடிச்சதும் எனக்கு போன் பண்ணுங்க."

கேட் அடைத்து நாற்பது நிமிஷம் ஆயிற்று. பஸ்ஸுக்குள் வெயில் கொதித்தது. ஐஸ் கரைந்திருக்குமோ என்று டப்பாவைத் திறந்தான். புட்டியில் மேலே மஞ்சளாக ஏதோ திரண்டு நின்றது. கீழே நீலம் பாரித்த தண்ணீர். பால் திரிந்துவிட்டது என்று நினைத்தான். கெட்ட பாலை அந்தச் சின்ன உடம்பு தாங்காது. இறங்கிப் போய், யார் காலிலும் படாதபடி வாய்க்காலில் ஊற்றினான்.

தஞ்சாவூரில் நர்ஸ் ஆனந்தவல்லி காலிப் புட்டியை வாங்கிப் பார்த்தாள். மேலே மஞ்சளாகத் திரிந்துபோயிருந்ததால் ஊற்றிவிட்டதாகச் சொன்னான்.

"அது கெடலை தம்பி. பால்ல உள்ள கொழுப்பு பொடிப்பொடி உருண்டையா இருக்கும். ஒவ்வொண்ணையும் சுத்தி மெல்லிசா ஒரு தோல். தாயோட மாரு, தன் தோலையே கொஞ்சம் கிள்ளிப் போத்தி அனுப்புது. அப்படியே வச்சா உருண்டையெல்லாம் மேல மிதந்துரும். புட்டிய மெதுவா சுத்தி விட்டா மறுபடி கலந்துரும்."

"அது ரொம்ப முக்கியமா சிஸ்டர்?"

"பாதி தெம்பு அதுலதான். மூளை வளர்றதுக்கும் அதான். ரெண்டு ரெண்டு மில்லியா, அவனுக்குப் பத்து வேளைக்கு வந்திருக்கும்."

அப்போது போன் அடித்தது. "குடிச்சானா?" என்றாள் சுடர்விழி.

"குடிச்சான்."

அடுத்த ஆறு நாளும் தவறாமல் பால் கொண்டுபோனான். டப்பாவை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். குழாய் வழியாக அது பிள்ளையின் வயிற்றுக்குள் இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். பத்தாம் நாள் விடியலில் ரத்தத்தில் கிருமி பரவி பிள்ளை இறந்துபோனான். ஊற்றிவிட்ட பாலைப் பற்றிப் பகலவன் டாக்டரிடம் கேட்டான். "ஒரு நாள் பால் போனதால வந்ததில்லைங்க இது," என்றார் அவர். அவன் தலையாட்டினான். நம்பவில்லை.

சுடர்விழிக்குத் தகவல் சொன்ன பிறகும் பால் நிற்கவில்லை. ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்தது. மாரில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று அவள் அம்மா தங்கம்மாள் அவனைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள்.

"நாலு முழமா? வீட்ல என்ன விசேஷம்?" என்று பூக்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள். அவன் காசைக் கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமல் நடந்தான்.

தங்கம்மாள் பூவை வைத்துக் கட்டிவிட்டு வெளியே போனதும் கட்டிலருகே உட்கார்ந்தான்.

"மொத நாள் பால அவன் குடிக்கலை, சுடரு. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஊத்திட்டேன்."

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"மேல மஞ்சளா, கெட்டியா நின்னுச்சு."

"நல்ல பாலாத்தான் இருந்திருக்கு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் தோளைத் தொட்டான். அவள் கையைத் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை.