பாப்பாவுக்கு ஒரு ஜோடி

...இது தேவலாம், இறக்கை முழுசாக இருக்கிறது, கண் தெளிவு, கொட்டை உடைக்கிற வேகத்தைப் பார்த்தால் அலகிலும் கோளாறில்லை, இதற்கு முன் பார்த்ததெல்லாம் வேலைக்கே ஆகாது, முதல் பறவைப் பூங்காவில் காட்டியது கிழம், அடுத்தது ஓயாத கத்தல், நேற்றுப் பார்த்ததோ பக்கத்துக் கூண்டுக்காரியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை... பெண்ணைப் பெற்றவன் மாதிரி கடல் தாண்டி வந்து எட்டு நாளாக அலைகிறான், நாளைக் காலையில் விமானம், இந்தப் பண்ணைதான் கடைசி, இங்கேயும் அமையாவிட்டால்? வீட்டில் பாப்பா, பன்னிரண்டு வயதுப் பஞ்சவர்ணக்கிளி, நெஞ்சில் ஓர் இறகு விடாமல் தானே பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. துணையில்லாமல் இட்ட வெறும் முட்டை போன தடவை உள்ளேயே சிக்கிக்கொண்டது, டாக்டர் பாதி நாள் போராடி எடுத்தார், இன்னொரு தரம் இப்படி ஆனால் பிழைக்காது என்றார். ஜோடி சேர்த்தால் சரியாகிவிடும் என்று சொன்னது யார், டாக்டரா? இல்லை, இவனேதான். ஏற்கெனவே கொண்டுவந்த இரண்டு ஆண்கிளிகளில் ஒன்றின் விரலைப் பாப்பா கடித்துத் துண்டாக்கியது, இன்னொன்றை மூலையை விட்டு நகரவே விடவில்லை... பொருத்தம் சரியில்லை, வேறென்ன?

பண்ணைக்கார அம்மாள் குஞ்சுகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே முகத்தை மறைக்கும் சாம்பல் நிற அங்கியை மாட்டச் சொன்னார், பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்தார், உள்ளே போய், கிளித் தலை மாதிரி தைத்த துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஊட்டினார், குஞ்சு மனித முகத்தைப் பார்க்கவே இல்லை. இவனுக்குச் சிரிப்பு வந்தது, இதென்ன கூத்து, பாப்பாவை இன்குபேட்டரிலிருந்து எடுத்த நாள் முதல் உள்ளங்கையில் வைத்து ஸ்பூனால் ஊட்டியவன் இவன், சட்டைப்பையில் தூங்கவைத்தவன், மகளில்லாத குறை தீர்ந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்... வெளியே வந்ததும், இருவருக்கும் தெரிந்த அரைகுறை மொழியில் அதைத்தான் பெருமையடித்தான். "இப்பவும் என்னைக் கண்டா தலையை ஆட்டி ஆட்டி, தின்னதைக் கக்கி என் கையிலயே வைக்கும்மா, அவ்வளவு பாசம்." அம்மாள் சிரிக்கவில்லை. முதுகைத் தடவுவீங்களா என்று கேட்டார். தினமும் சாயங்காலம், கழுத்திலிருந்து வால் வரைக்கும். உங்க வீட்டம்மாவைக் கடிக்குதா? இதை எப்படிக் கண்டுபிடித்தார்? "அப்ப அதுக்கு ஏற்கெனவே ஜோடி இருக்குங்க, நீங்கதான் அது. தலையைத் தாண்டிக் கை போகவே கூடாது. அதை முட்டை போட வைக்கிறதே நீங்கதான்."

ஜோடியாம்... மகளாக வளர்த்தவனிடம் சொல்கிற பேச்சா இது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்தத் தலையாட்டலும் கக்கலும் எதற்கென்று தெரியாதவனா இவன், நாற்பது கூண்டு வைத்திருப்பவன், அடுத்தவன் கிளி செய்திருந்தால் ஜோடிக்கு ஊட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான். பாப்பா கடித்து மனைவியின் காதில் மூன்று தையல் போட்ட அன்று, "என் சக்களத்தி உங்களை எனக்கு விட்டுத்தர மாட்டா" என்றாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இவனும்தான், அவள் சிரித்தாளா... ஞாபகமில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜோடியாக இருந்துவிட்டு மீதி நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவனை நினைத்துத்தான் பாப்பா நெஞ்சைப் பிய்த்துக்கொண்டதா? தனிமை, தனிமை என்று இவனே எல்லோரிடமும் சொன்னானே.

அம்மாள் கறாராகச் சொன்னார், ஆணைத் தரேன், ஆனா ஒரு வருஷம் நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது, முகம் தெரியக் கூடாது, குரல் கேட்கக் கூடாது, கேட்டுதுன்னா உங்களையேதான் தேடும், ஆணைக் கொத்தும். "அதுக்கப்புறம்?" என்றான். "ஜோடி சேர்ந்துட்டா உங்களையும் கடிக்கும், அதுதான் நல்ல அறிகுறி." சரி என்றான், பாப்பா உயிருக்காக எதற்குத்தான் சரி சொல்லமாட்டான், கையெழுத்தும் போட்டான், வாசலுக்கு வந்து நின்றான்.

செல்போன் அடித்தது, மனைவி. எடுத்ததும் அவளே ஆரம்பித்துவிட்டாள், என்னங்க, அமைஞ்சுதா, இருங்க இருங்க, ஸ்பீக்கர்ல போட்டுக் கூண்டுகிட்ட வச்சுட்டேன், உங்க குரல் கேட்டாத்தான் இவ தட்டுல வாய் வைக்கிறா. எட்டு நாளாக இப்படித்தான். போனுக்குள்ளிருந்து பாப்பா தொண்டையை உருட்டிக் கூப்பிட்டது, சாயங்காலங்களில் கையை நீட்டும்போது கூப்பிடுகிற அதே குரல், இவன் உதட்டைக் கடித்துக்கொண்டான், ஒரு வார்த்தை கூடாது... "என்னங்க? லைன்ல இருக்கீங்களா? ஒண்ணும் ஆகலையே, எனக்குப் பயமா இருக்கு, ஏதாவது சொல்லுங்க." அவளுக்குப் பதில் சொன்னால் கிளிக்கும் கேட்கும். போனைத் தள்ளி எடுத்துட்டுப் போ, உன்கிட்ட மட்டும் பேசணும் என்று எழுதி அனுப்பலாமா... இந்த எட்டு நாளில் அவளிடம் மட்டும் பேசியது என்ன என்று யோசித்தான், அதற்கு முந்திய வாரம், அதற்கும் முன்னால்... ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.