டூப்ளிகேட் சாவி

மயிலாப்பூரில் அந்த ரத்ததானக் குழுவின் பட்டியலில் இரண்டாயிரம் பேர். ஒரு குறுஞ்செய்தி போதும், அரைமணியில் ஆட்கள் அலுவலகத்துக்கு வந்து நிற்பார்கள். அந்தச் செய்தி தானாகவே போகும்படி, ஏஐ தளம் ஒன்றில் செயலி கட்டிக்கொண்டிருந்தாள் அன்புக்கரசி.

செய்தி அனுப்பும் சேவையின் ஏபிஐ சாவியை, அதாவது அதற்குள் நுழைவதற்கான ரகசியக் குறியீட்டை, தளம் கேட்டது. குழுவை நடத்தும் ஜவஹர் எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு சாவிகள். ஒன்றின்மேல் 'ஒரிஜினல்', மற்றதன்மேல் 'டூப்ளிகேட்'. டூப்ளிகேட் சாவியும் அதே பூட்டைத்தானே திறக்கும்? எதைப் போட்டால் என்ன என்று முதலாவதைப் போட்டாள்.

'சோதனைச் செய்தி அனுப்பவா?' என்றது தளம்.

'சரி' என்று அடித்தாள்.

'அவசரம். ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. உடனே வரவும்.' இரண்டாயிரம் கைபேசிகளுக்கும் போய்விட்டது.

பக்கத்து அறையிலிருந்து ஜவஹர் ஓடிவந்தார். "இன்னாம்மா பண்ணி வெச்ச? டூப்ளிகேட்னு எழுதிக் குடுத்தேனே! அதான் டெஸ்ட் சாவி. எவனுக்கும் போவாது. டூப்ளிகேட்னா டுபாக்கூரு, போலி!"

"டூப்ளிகேட்னா அதே சாவிக்கு இன்னொண்ணுனு நெனைச்சேன் சார்."

ஜவஹர் தாளை எடுத்துத் தன் எழுத்தை ஒருமுறை பார்த்தார். "டெக்னிகல் பிராப்ளம்னு ஒண்ணு அனுப்பிடு."

அவள் அப்படி அனுப்பவில்லை. 'யாருக்கும் ரத்தம் தேவைப்படவில்லை. தவறு என்னுடையது. மன்னியுங்கள். அன்புக்கரசி' என்று எழுதி, கீழே தன் எண்ணையும் போட்டாள்.

அந்த இரண்டாவது செய்தியைப் பார்க்காமலே வேளச்சேரியிலிருந்து மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார், ரத்தம் கொடுக்கும் ஹபீபுர் ரஹ்மான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார்.

"பேஷண்ட் எங்கம்மா கீறாரு?"

நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சுருட்டிய கையை மெல்ல இறக்கி, பொத்தானைப் போட்டார்.

"பரவால்லம்மா. ஆனா அடுத்த தபா போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் கெளம்புவேன்."

அவர் போனபின்பும் அந்தச் சொல் போகவில்லை. கேட்டுவிட்டுக் கிளம்ப ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் தாங்காத நோயாளிகளை அவள் பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அடையாறு மருத்துவமனையில் ஒரு பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. இம்முறை உண்மையான செய்தி போனது. அரைமணி நேரம் ஆகியும் அலுவலக வாசலில் யாரும் இல்லை. அவள் கைபேசிதான் ஓயாமல் அடித்தது.

"நெஜமாவே வேணுமாம்மா? இல்ல, அன்னிக்கு மாரியா?"

"நெஜம்தாண்ணே. கெளம்புங்க."

வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. அதற்கும் அதே கேள்வி.