லூயிசாவின் துபாய் பவுடர்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் இருக்கிற ஸ்கெலட்டனில் லூயிசா வீட்டுப் பித்தளையைப் பார்த்து வயிறு எரியாத பொம்பளை அந்த லைனிலேயே கிடையாது. மெழுகுவத்தி ஸ்டாண்டிலிருந்து கதவுக் கொண்டி வரைக்கும் கண்ணைப் பறிக்கும். அக்டோபர் மாசம் ஜெபமாலைக்கு மாதா சுரூபம் லைனுக்கு வரும்போது, எந்த வீடு பளிச்சென்று இருக்கிறதோ அங்கேதான் ஃபாதர் முதலில் இறக்கச் சொல்வார். நாலு வருஷமாக அது லூயிசா வீடுதான். அதில் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

என்ன போட்டுத் தேய்க்கிறாய் என்று கேட்டால், துபாயில் இருக்கிற தங்கச்சி லவினா அனுப்புகிற பவுடர் என்று கூசாமல் சொல்வாள். லவினா அனுப்பியது ஒரே ஒரு பால்பவுடர் டின். அது காலியாகி மூணு வருஷம் ஆச்சு. இப்போது அதற்குள் இருப்பது இடிந்துபோன பழைய சுவரின் செங்கல்! அதை இடித்துத் தண்ணீரில் கரைத்து, தட்டில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி மணலை ஒதுக்கி, மேலே கலங்கி வருகிற மாவை வடித்துக் காயவைப்பாள். கொஞ்சம் அடுப்புச் சாம்பலைக் கலந்தால் துபாய் பவுடர் ரெடி. புளியோடு சேர்த்துத் தேய்க்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் நாளைக்கே லைன் முழுக்கப் பளபளக்கும், அப்புறம் மாதா எதற்கு இவள் வீட்டுக்கு முதலில் வரணும்?

அந்த வருஷம் சுரூபம் வருவதற்கு மூணு நாள் முன்னால், பக்கத்து வீட்டு சில்வியா பின்பக்கச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். வேறு ஊரில் ஒருத்தி உட்கார்ந்து செம்மண் தண்ணீரைத் தட்டில் சுழற்றினால் பைத்தியம் என்று போய்விடுவார்கள். இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மைனிலிருந்து கல்லைத் திருடிவந்து தங்கம் எடுக்கிறாள்! சில்வியா ஜெயம்மாவிடம் சொன்னாள், ஜெயம்மா ஊருக்கே சொன்னாள். சாயங்காலம் மைன் காவல்காரர் ராஜேந்திரன் வாசலில் நின்றார், பின்னால் லைனே நின்றது.

திருட்டுக் கல் இருந்தால் வீட்டுக்காரர் வேலை போய்விடும் என்றார் அவர். ஷிப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்த புருஷன் மாணிக்கராஜ் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். புருஷன் வேலையா, மாதா முதலில் இறங்குகிற பெருமையா? சொல்ல வெட்கக்கேடு, லூயிசா ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். அப்புறம் ராஜேந்திரனை உள்ளே கூப்பிட்டு, புருஷன் எதிரிலேயே விஷயத்தைக் குசுகுசுவென்று சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. உடனே அவர் தொப்பியிலிருந்த கருத்த பித்தளை வில்லையைக் கழற்றி, பொடியும் புளியும் வைத்து நாலு தேய் தேய்த்துக் கொடுத்தாள்.

ராஜேந்திரன் வெளியே வந்து, வெறும் செங்கல் பொடி, எல்லாரும் போங்க என்றார். ஒருத்தரும் நகரவில்லை. எல்லார் கண்ணும் தொப்பியில் இருந்தது. கருப்பாக உள்ளே போன வில்லை மஞ்சளாக மின்னிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. தங்கத்தைக் கொடுத்து ஆளுக்கு வாய்ப்பூட்டு போட்டாச்சு என்று லைன் முடிவு கட்டியது. முதல் தடவையாக உண்மை வெளியே வந்தது, அதை ஒருத்தரும் நம்பவில்லை என்பதில் லூயிசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சில்வியா சொம்போடு பின்வாசலுக்கு வந்தாள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன், எனக்கும் ஒரு பிடி கொடு என்றாள். காட்டிக்கொடுத்தவளுக்கு இது வேணும் என்று லூயிசாவுக்குக் குறும்பு பொங்கியது.

"தங்கம் சும்மா வராதுக்கா. பித்தளைல போட்டு, புளி வெச்சு, கை ஓயற வரைக்கும் தேக்கணும். ஒண்ணுல வரலன்னா அடுத்ததுல தேச்சுப் பாருங்க."

அப்புறம் ஜெயம்மா வந்தாள், ரத்தினம்மா வந்தாள், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தியாக டின்னையே காலி பண்ணினார்கள். அன்றைக்குப் பூராவும் வீட்டுக்கு வீடு சரக் சரக்கென்று ஒரே சத்தம். லூயிசா படுத்துக்கொண்டு விலா நோகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் சுரூபத்தோடு லைனுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குடம், தாம்பாளம், விளக்கு, கொண்டி எல்லாம் வீட்டுக்கு வீடு ஜொலித்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினோம் என்று அப்போதுதான் லூயிசாவுக்கு உறைத்தது. எந்த வீடென்றே தெரியவில்லையே, லைனின் முதல் வீட்டிலேயே இறக்கலாம் என்றார் ஃபாதர். முதல் வீடு சில்வியா வீடு. லூயிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கொப்புளம் கண்ட விரலில் மெழுகுவத்தியைப் பிடித்தபடி சில்வியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ சொன்னா மாதிரியேதான் தேச்சேன் லூயிசா. தங்கம் வரல. மாதா வந்துட்டாங்க."